இடது கைப் பிடி

அப்படியேதான் இருக்கும், எங்கே போய்விடப்போகிறது என்று லோகநாயகி தனக்குள் சொல்லிக்கொண்டபோது மின்சார ரயில் ஊரப்பாக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. சொல்லிக்கொண்டாளே தவிர நம்பிவிடவில்லை. எதையும் ஒரே தடவை கேட்டு நம்புகிற ரகம் இல்லை அவள். கீரைக்காரம்மாவிடம் இன்றைக்குப் பறித்ததுதானா என்று கேட்டு, அந்த அம்மா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணி, கட்டு பைக்குள் போன பிறகும், "இன்னைக்குப் பறிச்சதுதானே?" என்பாள். பூட்டின பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். இந்த வழக்கத்தால் ஆபீஸில் அவளுக்கு நல்ல பெயர், வீட்டில் கேலி. "அம்மா கேள்வி கேட்டா பதில் சொல்லவே கூடாது, சொன்னா மறுபடி கேப்பாங்க" என்பாள் ஆதிரை. ஆதிரை அவள் மகள். ஒரே மகள். அவள் போய் இரண்டாவது கோடை இது. அவளுடைய வில்லைத் திரும்ப வாங்கத்தான் லோகநாயகி இந்தச் சனிக்கிழமை வெயிலில் கூடுவாஞ்சேரியிலிருந்து கொரட்டூருக்குக் கிளம்பியிருந்தாள். பழைய சாமான்களை வாங்கி விற்கிற ஆப் ஒன்றில் அதை விற்பனைக்குப் போட்டிருந்தவள் பெர்சிஸ் என்கிற காலேஜ் பெண். அந்தப் பெண்ணிடம் செல்போனில் எழுதி எழுதி மூன்று தடவை கேட்டாகிவிட்டது. போட்டோவில் வில்லுக்கு நடுவில் கை பிடிக்கிற இடம் தெரிகிறதே, சாம்பல் நிறமும் செங்கல் நிறமுமாகப் பூசின மாதிரி, அந்த கிரிப் இன்னும் அப்படியே இருக்கிறதா? முதல் தடவை, இருக்கு ஆன்ட்டி என்று பதில் வந்தது. இரண்டாம் தடவை, ஆமா இருக்கு, ஏன் ஆன்ட்டி என்று வந்தது. அந்த ஏனுக்கு லோகநாயகி பதில் எழுதவில்லை. நேற்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மனசு கேட்காமல் மூன்றாம் தடவையும் கேட்டாள். கவலையே படாதீங்க ஆன்ட்டி, நேர்ல வந்து பாருங்க, சந்தோஷப்படுவீங்க என்று வந்தது. சந்தோஷப்படுவீங்க. அந்தச் சொல்லை மிட்டாய் மாதிரி இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு நேற்றிலிருந்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்ல வேண்டிய அவசியமே அந்தப் பெண்ணுக்கு இல்லை, நல்ல மாதிரியாகத்தான் இருக்க வேண்டும்.

வண்டலூரில் ஒரு கும்பல் ஏறியது, மல்லிகைப்பூவும் வியர்வையும் புளிச்சோறும் கலந்த வாசனையோடு. லோகநாயகி ஜன்னலோரம் ஒதுங்கி, மடியில் இருந்த பெரிய பையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். காலிப் பை. காலிப் பையை ஏன் இப்படிக் கட்டிப்பிடிக்கிறோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. இந்தப் பையை எடுத்துக் கொடுத்தவர் பாலகுரு. போய் என்ன ஆகப்போகுது லோகா, அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே என்று காலையில் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல் கேட்ட அதே மனுஷன், அவள் செருப்பு மாட்டுகிறபோது பரணிலிருந்து பையை இறக்கி, தூசி தட்டி, உள்ளே ஒரு பழைய பருத்தித் துண்டையும் மடித்து வைத்து நீட்டினார். "சுத்தி எடுத்துட்டு வா. இடிபடப் போகுது" என்றார். ஆதிரை போனதிலிருந்து அவர் அதற்கு மேல் பேசுவதில்லை. வில் என்ற சொல்லையே அவர் சொல்வதில்லை, அது இது என்றுதான் சொல்வார். அந்த கிரிப்புக்குச் செங்கல் நிறம் வந்ததே அவரால்தான். பள்ளி விட்டு வந்த ஒரு சாயங்காலம் ஆதிரை, கடையில் வருகிற பிடி கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது, அம்பு விடும்போது மணிக்கட்டு திரும்பிவிடுகிறது, எல்லாரும் அவரவர் கைக்கு அளவாகப் பிடி செய்துகொள்கிறார்கள், நானும் செய்யப்போகிறேன் என்று உட்கார்ந்தாள். குழாய் ஒழுகினால் அடைக்கிற எம்சீலைப் பிசைந்து பிடிமேல் அப்பி, அது இறுகுவதற்குள் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டுமாம். கை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டது லோகநாயகி. எம்சீல் பாதியில் தீர்ந்துபோக, பாலகுரு கைலியோடு தெருமுனைக் கடைக்கு ஓடி, வேறு கம்பெனி பாக்கெட்டை வாங்கிவந்தார். பிசைந்தால் அது செங்கல் நிறமாக வந்தது. "என்னப்பா இது, ஓட்டு வீடு கட்டப் போறோமா?" என்று கத்தினாலும் ஆதிரை அதையே பூசிக்கொண்டாள். அப்புறம் இறுகும் வரை இடது கையால் வில்லைப் பிடித்தபடி கொலு பொம்மை மாதிரி நின்றாள், லோகநாயகி தோசையைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினாள். கையை எடுத்துப் பார்த்தால் கட்டைவிரல் மேடு ஒரு குழியாக, ஆள்காட்டி விரல் வளைந்து போகிற இடம் ஒரு வாய்க்காலாக, நடுவில் உள்ளங்கை ரேகைகள்கூட அப்படியே விழுந்திருந்தன. பாலகுரு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த ரேகையைப் பார்த்து ஜோசியம் சொன்னார். எண்பது வயசு, ரெண்டு குழந்தை, வெளிநாட்டுப் பயணம். சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

தாம்பரத்தில் ரயில் நின்று, கிளம்புவேனா என்று அழிச்சாட்டியம் பண்ணியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள் சாப்பாட்டுக் கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "எதுவரைக்கும் போறீங்க?" என்று ஆரம்பித்தாள். பார்க் ஸ்டேஷன், அங்கேயிருந்து கொரட்டூர் என்றாள் லோகநாயகி. அந்த அம்மாளின் மகளுக்கு எழும்பூர் ஆஸ்பத்திரியில் முந்தாநாள் பிரசவம் ஆகியிருந்தது. பெண் குழந்தை, கைவிரல் ஒவ்வொன்றும் இத்தனை நீளம் என்று தன் சுண்டு விரலைக் காட்டினாள். "அப்படியே அவங்கப்பன் கை. உங்களுக்கு எத்தினி பசங்க?" அந்தக் கேள்வி வரும் என்று லோகநாயகிக்குத் தெரியும். வருமென்று தெரிந்தாலும் ஒவ்வொரு தடவையும் படியில் கால் இடறுகிற மாதிரிதான் இருந்தது. யாரும் இல்லை என்று சொன்னால் அது அவளைப் பெறவே இல்லை என்று ஆகிவிடும். ஒரு பெண் இருந்தாள் என்று சொன்னால் இந்த அம்மாள் கூடையை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொள்வாள், பல்லாவரம் வரை என்ன ஏது என்று கேட்பாள், கிண்டி வரை கண்ணைத் துடைப்பாள், கடைசியில் லோகநாயகிதான் அவளுக்கு ஆறுதல் சொல்லி எழும்பூரில் இறக்கிவிட வேண்டியிருக்கும். "ஒரு பொண்ணு" என்றாள். "படிக்குதா?" "வில்லு விடுவா." "வில்லா? அம்பு வில்லா? பொம்பளப் புள்ளயா?" அந்த அம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஆமா. இப்ப அவளுக்குத்தான் வில்லு வாங்கப் போறேன்." பொய் சொல்லிவிட்டோமா என்று யோசித்துப் பார்த்தாள். அவளுக்குத்தானே வாங்கப் போகிறோம், வேறு யாருக்கு. "நல்லா இருக்கட்டும். தகிரியமான புள்ள" என்று அந்த அம்மாள் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். தைரியமான பிள்ளைதான். தைரியம் இல்லாதவள் அவள் அம்மாதான்.

குரோம்பேட்டையைத் தாண்டியதும் தோல் கம்பெனி வாடை அடித்தது, எல்லாரும் ஒரே சமயத்தில் முந்தானையை மூக்குக்கு ஏற்றினார்கள். அந்த வாடைக்கு லோகநாயகி முகம் சுளிக்கவில்லை. இதைவிட மோசமான வாடைகளை அவள் ஆஸ்பத்திரியில் மோந்து பழகியிருந்தாள். முதலில் அது வெறும் வலிதான். இடது தோளுக்குக் கீழே, புஜத்துக்குள்ளே, ராத்திரியில்தான் அதிகம் என்பாள் ஆதிரை. பிராக்டிஸ் வலி என்றார் கோச். பிராக்டிஸ் வலி என்றாள் லோகநாயகியும். தைலத்தைப் போட்டு அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டாள். தேய்த்த கை இதோ, மடியில் பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே எலும்பில் அந்தக் கட்டி வளர்ந்துகொண்டிருந்தபோது மேலே இவள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதை நினைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார், பாலகுரு சொன்னார், ஆதிரையே சொன்னாள், நீ தேய்ச்சதாலயா மா வந்துச்சு என்று. நினைக்கக் கூடாதுதான். கையை எடுத்துவிட்டால் உயிர் நிற்கும் என்றார்கள். தோளோடு எடுக்க வேண்டும் என்றார்கள். எடுப்பதற்கு முந்தின வாரம் ஆதிரையே கோச்சிங்குக்கு வருகிற பெண் ஒருத்தியை வீட்டுக்கு வரவழைத்து வில்லை விற்றுவிட்டாள். ரெண்டு கையும் வேணும்ப்பா இதுக்கு, சும்மா மாட்டி வச்சா வீணாப் போயிடும் என்றாள், ஏதோ சின்னதாகிப்போன சைக்கிளைக் கொடுக்கிற மாதிரி. லோகநாயகி அடுப்படியில் அந்தப் பெண்ணுக்குக் காபி கலந்துகொண்டிருந்தாள். "கிரிப் என் கைக்குப் பண்ணது. உனக்குப் பொருந்தாது. ஒரே ஒரு ஸ்குரூதான், கழட்டிடவா?" என்று ஆதிரை கேட்டது அடுப்படிக்குத் தெளிவாகக் கேட்டது. "இருக்கட்டும்க்கா, ராசியான கை" என்றது அந்தப் பெண். ஒரே ஒரு ஸ்குரூ. பால் பொங்கிவிடுமே என்று அதைப் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர, கழற்றி என்னிடம் கொடு என்று ஒரு வார்த்தை சொல்ல லோகநாயகிக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? மகள் உயிரோடு கூடத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது யாருக்கு அப்படியெல்லாம் தோன்றும்? அப்புறம் அந்தக் கை போனது. போன கைக்கு வலித்தது. அரித்தது. "மா, உள்ளங்கை அரிக்குது மா" என்பாள் ஆதிரை. லோகநாயகி, கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் மெத்தையைச் சொறிந்துவிடுவாள். "அங்க இல்ல, இன்னும் கொஞ்சம் கீழ" என்று அவள் சொல்லிவிட்டு சிரிப்பாள், இவளும் சிரிப்பாள், இருவரும் மூச்சு முட்டச் சிரித்தார்கள் ஒரு நாள், நர்ஸ் வந்து அதட்டும் வரை. எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் சிரித்தார்கள். சரியாகவில்லை. நோய் நெஞ்சுக்குப் போய்விட்டது. கடைசியாகக் குளிப்பாட்டி, மஞ்சள் துணி சுற்றி, இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சின்மேல் வையுங்கள் என்று விஷயம் தெரியாத யாரோ ஒரு பெரியம்மா சொன்னார்கள். லோகநாயகி இருந்த கையை மட்டும் வைத்தாள். அந்த இடது கையை ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எதையும் ரெண்டு தடவை கேட்கிறவள் அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கிண்டியில் கூட்டம் இறங்கிக் கூட்டம் ஏறியது. சைதாப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க நினைத்தாள், நினைப்பதற்குள் பாலம் போய்விட்டது. இப்படித்தான் ஆகிறது. அந்த இடது கையை நினைக்கலாம் என்று உட்கார்ந்தால் வலது கைதான் வருகிறது. வலது கை கடைசிவரை இருந்ததால் அது எல்லா நினைவிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் கூட்டிப்போனபோது எந்தக் கையைப் பிடித்திருந்தோம்? பள்ளிக்கூடம் ரோட்டின் வலது ஓரம், ரோட்டுப் பக்கம் தான் நடந்து, பிள்ளையைச் சுவர்ப் பக்கம் விட்டிருப்பாள், அப்படியென்றால் இடது கையாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் கணக்குப் போட்டால் வருகிறதே தவிர, கையில் வரவில்லை. அந்த உள்ளங்கை மெத்தென்று இருக்குமா, வில் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறியிருந்ததா? சுண்டு விரல் கொஞ்சம் வளைந்திருந்தது இதிலா அதிலா? போட்டோக்களில் பார்த்தால் புறங்கைதான் தெரிகிறது, இல்லை எதையாவது பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையை யார் போட்டோ எடுக்கிறார்கள். அதனால்தான் அந்த கிரிப். அதைத் தேடி எத்தனை அலைச்சல். வாங்கின பெண் பெங்களூர் போய்விட்டாள், நம்பர் உபயோகத்தில் இல்லை. ஆபீஸில் மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்தில் புடவை படம் பார்ப்பார்கள், லோகநாயகி அந்த ஆப்பைத் திறந்து விற்பனைக்கு வந்த வில்களைப் பார்ப்பாள். எத்தனை பேர் வில்லை விற்கிறார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் என்ன கதையோ. போன வாரம் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனவள் ஒரு படத்தில் நின்றாள். சாம்பல். அதற்குக் கீழே செங்கல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், கட்டைவிரல் குழி தெரிந்தது, அதற்கு மேல் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகக் கலைந்துபோனது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வாங்க வருகிறவள் எப்படிக் கேட்பாளோ அப்படி, இது இருக்கிறதா என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமோ. பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சப்வேக்குள் ஜனத்தோடு ஜனமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது அதுதான் திரும்பத் திரும்ப முட்டியது. என் பெண்ணுடையது அம்மா, அவள் இல்லை, அந்தக் கைத்தடம் எனக்கு வேண்டும் என்று எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் பெர்சிஸும் சின்னப் பெண். ஒரு வருஷமோ எத்தனையோ அந்த வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தவள். செத்துப்போனவளின் கைக்குள் கையை வைத்துக்கொண்டா இத்தனை நாள் அம்பு விட்டோம் என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தீட்டு, தோஷம், ஜெபம் என்று எதையாவது கிளப்புவார்கள். ஒரு பெண் குழந்தையைப் பயமுறுத்தி அந்த வில்லை வாங்க வேண்டுமா என்று லோகநாயகிக்குத் தோன்றிவிட்டது. சரியாகத்தான் தோன்றியது. ஆவடி வண்டி காலியாக வந்தது, உட்கார இடம் கிடைத்தது, இதுவும் நல்ல சகுனம்தான் என்று மனசு ஒரு பக்கம் கணக்கு வைத்துக்கொண்டது. வியாசர்பாடி, பெரம்பூர். வண்டி வேகம் எடுத்ததும் காற்று முகத்தில் அடித்தது, அதோடு ஒரு பயமும் வந்தது. தொட்டுப் பார்த்து ஒன்றுமே தோன்றவில்லை என்றால்? வெறும் கல் மாதிரி எம்சீல் கட்டியாக இருந்தால்? இல்லை, தோன்றாமல் போகாது. அவள் கை அழுத்தின பள்ளம் அது. அதில் தன் உள்ளங்கையை வைத்தால், நடுவில் காற்றுகூட இல்லாமல் அவள் கை இருந்த இடத்தில் தன் கை இருக்கும். தாய் மகள் கையைப் பிடிக்கிறதுக்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? வித்தியாசம் இருக்கிறது, தெரியாமல் இல்லை. ஆனாலும் அது போதும் அவளுக்கு. வீட்டுக்குப் போனதும் பாலகுருவிடம் ஒன்றும் பேசாமல் துண்டைப் பிரித்து அவர் கையில் வைக்க வேண்டும். அவர் அழுதால் அழட்டும், நல்லது. வில்லிவாக்கம் தாண்டும்போது அவள் தன்னை மறந்து புன்னகைத்துக்கொண்டிருந்தாள், எதிர் சீட்டுக் குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் தெரிந்தது. இத்தனை நாளில் இப்படி ஒரு பயணம் அவளுக்கு வாய்க்கவில்லை. வண்டி இன்னும் கொஞ்ச தூரம் போனால்கூடத் தேவலை என்றிருந்தது.

பெர்சிஸ் வாசலிலேயே நின்றிருந்தாள். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற வீடு, கதவில் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு கட்டின குருத்தோலைச் சிலுவை காய்ந்து தொங்கியது. ஒல்லியான பெண், கண்ணாடி, கை வீசி வீசிப் பேசினாள். "வாங்க ஆன்ட்டி, வெயில்ல வந்திருக்கீங்க, அப்பா, ஆன்ட்டி வந்துட்டாங்க." அப்பா டேனியல் பனியன்மேல் சட்டையை மாட்டிக்கொண்டே வந்து மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். அம்மா எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு, குடிங்க முதல்ல என்றாள். காலேஜில் மூன்றாம் வருஷம், பிராஜெக்ட் வந்துவிட்டது, மைதானத்துக்குப் போக நேரமே இல்லை, இல்லையென்றால் விற்க மனசே வராது என்றாள் பெர்சிஸ். லோகநாயகி ஜூஸைக் குடித்தாள். இனிக்கிறதா புளிக்கிறதா என்று தெரியவில்லை. எல்லாருமே நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து பெர்சிஸ் வில்லைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும், ஆரத்தித் தட்டை நீட்டுகிற மாதிரி அவள் முன்னால் நீட்டினாள். நீல நிற உலோகம். பாத்ரூம் படியில் விழுந்து நசுங்கின தழும்பு அதே இடத்தில் இருந்தது. நடுவில் கை பிடிக்கிற இடம் கறுப்பாக, வழுவழுவென்று, புதிதாக மின்னியது.

"எப்படி இருக்கு ஆன்ட்டி?" என்றாள் பெர்சிஸ். லோகநாயகி அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆச்சரியப்பட்டுப் போய்விட்டாள் என்று மூன்று பேரும் நினைத்துக்கொண்டார்கள். "நீங்க மூணு வாட்டி கேட்டீங்கல்ல, அது அப்படியே இருக்கா இருக்கான்னு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்த அசிங்கத்தப் பாத்துட்டுதான் ஆன்ட்டி யோசிக்கிறாங்க, வந்துட்டு வேணாம்னு போயிடப் போறாங்கன்னு அப்பாகிட்ட சொன்னேன். வேற யாரோட கைக்கோ பண்ணது ஆன்ட்டி அது. யாருக்கும் பொருந்தாது. எனக்கே பொருந்தல, நான் வேற கிரிப் மாட்டித்தான் விட்டேன். அது பாட்டுக்கு ஒரு டப்பால கிடந்துச்சு இவ்ளோ நாளும். விக்கிறப்பதான் எடுத்து மாட்டினேன்." டேனியல் வெட்கத்தோடு சிரித்தார். "நேத்து சாயங்காலம் உக்காந்தேம்மா. கல்லு மாதிரி இருந்துச்சு. உளி வச்சு சுரண்டி, அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, கடைசில பாலிஷ். எவ்ளோ பொறுமையா பண்ணியிருக்கு பாருங்க அந்தப் புள்ள, யாரோ, ரேகையெல்லாம் விழுந்திருந்துச்சு." அவர் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதைக் காட்டவில்லை, லோகநாயகிதான் பார்த்தாள். "சுரண்டினது..." என்றாள். "சுரண்டினதெல்லாம் எங்க?" "அதெல்லாம் தூளாத்தான் வந்துச்சு. வீடெல்லாம் தூசி, இவகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்." அவர் மனைவி, "பெருக்கிப் பெருக்கி இடுப்பே போச்சுங்க" என்றாள் சிரித்துக்கொண்டே. "காலைல குப்பை வண்டில போட்டாச்சு."

ஒரு டப்பாவில் கிடந்திருக்கிறது. யாரும் தொடாமல், வெயில் படாமல், தேயாமல், இத்தனை நாளும், நேற்று மத்தியானம் வரை. நான் மூன்றாம் தடவை கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் அது என் கையில் இருக்கும். லோகநாயகிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு, அது என் பிள்ளையுடைய கைடா பாவிகளா என்று தெருவே கூடும்படிக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அந்த மனுஷன் விரலைக் கிழித்துக்கொண்டு, வருகிறவளுக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று ராத்திரி வரை உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். எத்தனை பொறுமை என்று ஆதிரையைப் பாராட்டவும் செய்கிறார். கோபம் வந்த வழியே திரும்பிப் போய்த் தன்மேலேயே விழுந்தது. இத்தனை அன்பாக ஒரு பொருளை அழிக்க முடியும் என்று அவளுக்குத் தெரியாது. "ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க" என்றாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, புடிச்சிருக்கா?" "புடிச்சிருக்கு." வில்லை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பணத்தை போனிலேயே அனுப்பினாள். "பொண்ணுக்கா ஆன்ட்டி? கூட்டிட்டு வந்திருக்கலாமே. அவங்க கைக்கு அளவா புதுசா எம்சீல் வச்சுக்கட்டும், வேணும்னா நானே பண்ணித் தரேன், அவங்க கை மட்டும் இருந்தா போதும்" என்றாள் பெர்சிஸ். பிறகு, ஒரு தடவை பிடித்துப் பாருங்கள் என்று லோகநாயகியின் இடது கையை எடுத்து அந்தப் பிடியில் வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே தன் விரலால் அழுத்தி, "இங்கதான் ஆன்ட்டி வில்லு வந்து உக்காரணும், சும்மா புடிங்க, இறுக்காதீங்க" என்றாள். இறுக்க அங்கே ஒன்றும் இல்லை. எந்தப் பள்ளமும் இல்லை. புதுப் பாலிஷ் வாசனையோடு கை வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் பெண்ணின் விரல் மட்டும் சூடாக இருந்தது.

அப்போது போன் அடித்தது. பாலகுரு. சாதாரணமாக அவர் கூப்பிடவே மாட்டார். லோகநாயகி வில்லோடேயே வாசலுக்கு வந்து படிக்கட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "போயிட்டியா?" என்றார். "வந்துட்டேங்க." பின்னால் வீட்டு மின்விசிறி கடகடவென்று சுற்றுகிற சத்தம் கேட்டது. "லோகா" என்றார். "என்னங்க." "அது..." என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமி, மறுபடி ஆரம்பித்தார். "வில்லு கிடைச்சுதா? அதுல... அவ கை இருக்கா?" இத்தனை காலம் கழித்து அந்த வீட்டில் அவர் வில் என்ற சொல்லைச் சொன்னார். காலையிலிருந்து அவர் பேப்பரைப் படிக்கவே இல்லை என்று லோகநாயகிக்கு அப்போது புரிந்தது. ரயில் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கூடவே வந்திருக்கிறார். அவள் கறுப்பாக மின்னிய பிடியைப் பார்த்தாள். உள்ளே பெர்சிஸின் அம்மா, டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். சொல்லித்தான் ஆக வேண்டும். கூடுவாஞ்சேரி போய், துண்டைப் பிரித்தால் தெரிந்துவிடும். அங்கே போய்ச் சேர இரண்டு வண்டி மாற வேண்டும், ரெண்டு மணி நேரமாவது ஆகும். வில்லிவாக்கத்தில் தனக்கு இருந்தது மாதிரி அவருக்கும் ஒரு ரெண்டு மணி நேரம்.

"இருக்குங்க" என்றாள். "அப்படியே இருக்கு."

அந்தப் பக்கம் அவர் அழ ஆரம்பித்தார். அழட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அவர் முடிக்கும் வரை லோகநாயகி அந்த வெயிலில் நின்றாள்.